இடப்பக்க வலைக்கதவு

அத்தியாயம் 7

"மறக்கிறவன் ரெண்டு கதவையும் மறப்பான். ஒண்ணை மட்டும் எப்படி மறப்பான்?"

ஒடிலியா டிமெக் கையிலிருந்த புகைப்படத்தைக் கடுகுச் சாஸ் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். பதினெட்டு வருடம் போலீஸ், பன்னிரண்டு வருடம் தனியார் துப்பறிவாளர். இந்தக் கேள்வியை ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வியெஷ்னோ நகர மைதானத்தின் தெற்கு வாசலில், இரண்டு கேலரிகளுக்கு நடுவே ஒரு சாஸேஜ் கடை. கடைக்காரி யாத்விகா கவ்ரோன். அறுபத்திரண்டு வயது. கணவன் ரிஷார்த் கவ்ரோன் முப்பது வருடம் இதே மைதானத்தைப் பராமரித்தவன். இதே மைதானத்தில்தான் அவன் பெயர் கெட்டது. போன ஜனவரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தும் போனான்.

படம் போலீஸ் எடுத்தது. மார்ச் மாதக் காலை. சங்கிலிக் குண்டு எறிகிறவர்கள் நின்று சுழலும் வலைக்கூண்டு. எறியும் வட்டத்துக்குள் நின்று மைதானத்தைப் பார்த்தால், கூண்டின் வாயில் இரண்டு வலைக்கதவுகள். இடப்பக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. வலப்பக்கக் கதவு மூடியிருந்தது.

அந்தத் திறந்த பக்கம் வழியாகத்தான் லீதியா என்ற பெண் எறிந்த நாலு கிலோ குண்டு வெளியே பறந்தது. எட்டாவது ஓடுபாதையில் தினமும் போலக் காலை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்த பூகோள வாத்தியார் ஸெனோன் மேல் விழுந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

"கதவை மூட மறந்துட்டேன், தப்பு என்னோடதுதான்" என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தான் ரிஷார்த். சிறைக்குப் போகாமல் தப்பினான். வேலை தப்பவில்லை.

"முப்பது வருஷத்துல சாவியை ஒரு தடவை மறந்ததில்ல அந்த மனுஷன்," என்றாள் யாத்விகா, இடுக்கியால் சாஸேஜைப் புரட்டியபடி. "எங்க கல்யாண நாளைக்கூட மறந்ததில்ல."

"கல்யாண நாளை மறக்காத புருஷனா? அக்கா, வழக்கை மறுபடி விசாரிக்க அது ஒண்ணே போதுமே," என்றான் இரெக், வாய் நிறைய ரொட்டியோடு.

இரெக் ஒடிலியாவின் உதவியாளன். நாற்பத்து மூன்று வயது. உள்ளூர்ப் பத்திரிகையில் பதினைந்து வருடம் கால்பந்துச் செய்தி எழுதியவன். பத்திரிகையை மூடினார்கள், வாயை மூட யாராலும் முடியவில்லை.

"வக்கீல் சிரிக்கிறாரும்மா," என்றாள் யாத்விகா ஒடிலியாவிடம். "புது ஆதாரம் ஏதாவது கொண்டாந்தா எழுதி வச்ச மனுவைப் போடலாங்கிறார். அவர் செத்தாச்சு, இனிமே எதுக்குன்னு கேக்கிறார். செத்தவருக்குப் பேரு கிடையாதா?"

ஒடிலியா வழக்குக் கட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை இரெக்கிடம் நீட்டினாள். "சத்தமாப் படி."

"'ஏழே முக்கால் மணிக்கு மைதானத்தின் மறுகோடியில் புல்லில் விழுந்திருந்த குழிகளுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தேன்.' ரிஷார்த் சொன்னது. சரி, அதுக்கென்ன?"

"லீதியா முதல் குண்டை எறிஞ்சது எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு. அவ கோச்சே சொல்லியிருக்கார்." இரெக் மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப ஏழே முக்காலுக்கு ஏது குழி? முந்தின நாள் குழியா இருக்கும்."

"முந்தின நாள் சாயங்காலம் கால்பந்துக் கிளப் ஆளு புல்லைச் சுத்திப் பாத்து, 'குழி இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அடுத்த பக்கத்துல இருக்கு."

"அந்த ஆளை எனக்குத் தெரியும். புல்லுல எறும்பு நடந்தாலே கிளப்புக்குப் புகார் எழுதுவார். குழி இல்லைன்னா இல்லைதான்." இரெக் விரலை நக்கிக்கொண்டான். "அப்ப ராத்திரியில பெருச்சாளி வந்திருக்கு. நாலு கிலோ பெருச்சாளி."

"லீதியாவுக்கு முன்னாடி யாரோ எறிஞ்சிருக்காங்க," என்றாள் ஒடிலியா. "அக்கா, அன்னிக்குக் காலையில அவரோட யாராவது வந்தாங்களா?"

"அவர் ஆறு மணிக்கே கிளம்பிடுவார். நான் எந்திரிக்கிறதே ஆறரைக்கு. கிங்காவும் அப்பவே கிளம்பிட்டா, ஸ்கூலுக்கு." மகள் பெயரைச் சொன்னதும் யாத்விகாவின் கண் மைதானத்துப் பக்கம் போய்த் திரும்பியது. "இன்னிக்கு இங்கதான் இருக்கா. வார்சாவாலேர்ந்து வந்திருக்கா, எறியறதுக்கு. இன்னும் என்னை வந்து பாக்கல. போட்டி முடியட்டும்னு இருப்பா."

இரெக் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஒடிலியா அவன் காலை மிதித்தாள். மகள் கொடுத்த பேட்டியை இருவருமே படித்திருந்தார்கள். 'வேலையில் கவனம் இல்லாதவர் அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும், அது என் அப்பாவாக இருந்தாலும்.' அப்பாவின் அடக்கத்துக்கும் அவள் வரவில்லை. போர்ச்சுகலில் பயிற்சி முகாம் என்று ஒரு மலர் வளையம் மட்டும் வந்தது.

படத்தை யாத்விகாவிடமே விட்டுவிட்டு இருவரும் உள்ளே நடந்தார்கள்.

*

மே மாதம் என்றாலும் காற்றில் ஈரம் குறையவில்லை. மேற்குக் கேலரியில் பார்வையாளர்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். கிழக்குக் கேலரியில் கால்பந்து ரசிகர்கள் பத்துப் பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'நாளைக்கு எங்களுக்கு மேட்ச். குண்டை வீட்டுல போய் எறிங்க.'

"பதினஞ்சு வருஷத்துல அவங்க எழுத்துப்பிழை இல்லாம எழுதி இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றான் இரெக்.

கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வின்சென்டி. வலைக்கதவு இழுப்பதுதான் அவர் வேலை. தடகளச் சம்மேளனம் வேறு ஊரிலிருந்து அனுப்பியிருந்தது. போட்டி ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"ஐயா, ஒரு கதவு மூடி, ஒரு கதவு திறந்திருந்தா என்ன அர்த்தம்?"

"கூண்டு தயார்னு அர்த்தம். எப்பவும் ஒண்ணுதான் மூடியிருக்கும்." அவர் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "வலது கைக்காரன் இப்படிச் சுத்துவான். ஒரு நொடி லேட்டா விட்டான்னா குண்டு இடப்பக்கம் பாயும். அதனால அவனுக்கு இடது கதவு மூடணும். இடது கைக்காரன் அப்படியே எதிர்ப்பக்கமாச் சுத்துவான். அவனுக்கு வலது கதவு."

"இடது கதவு திறந்து, வலது கதவு மூடியிருந்தா?"

"இடது கைக்காரனுக்கு வச்சிருக்குன்னு அர்த்தம். அதுல போய் வலது கைக்காரனை எறிய விட்டா..." கிழவர் எட்டாவது ஓடுபாதையைப் பார்த்தார். "கொலை."

லீதியா வலது கைக்காரி. அதுவும் வழக்குக் கட்டிலேயே இருந்தது.

"யாரும் எதையும் மறக்கல," என்றாள் ஒடிலியா மெதுவாக, திரும்பி நடந்தபடி. "யாரோ ஒரு இடது கைக்காரர் தனக்கு ஏத்த மாதிரி வச்சு எறிஞ்சிருக்கார். மாத்தி வைக்காமப் போயிட்டார்."

இரெக் சட்டென்று நின்றான். "மேடம். இந்த ஊர்ல ஒரு இடது கைக்காரரை எனக்குத் தெரியும். அவர் படத்தைத் தினமும் பாத்துக்கிட்டுத்தான் பேட்டி எடுக்கப் போவேன்."

மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த நடைக்கூடத்தில் பழைய வீரர்களின் படங்கள் மாட்டியிருந்தன. மூன்றாவது படத்தில், மார்பில் 88 என்ற எண்ணோடு மீசை வைத்த இளைஞன் ஒருவன் கூண்டுக்குள் சுழன்றுகொண்டிருந்தான். கிழவர் சொன்ன எதிர்ப்பக்கமாகத்தான் சுழன்றான். கீழே பெயர்: ஆன்ஸெல்ம் ஹோல்வா.

"இன்னிக்கு இந்த மைதானத்தோட இயக்குநர்," என்றான் இரெக். "கோர்ட்ல 'கவ்ரோன் கவனக்குறைவான ஆளு'ன்னு சாட்சி சொன்ன ஒரே மனுஷன். எனக்கு ஏற்கெனவே அந்த மீசையைப் பிடிக்காது."

*

ஹோல்வாவின் அறை முதல் மாடியில் இருந்தது. மைதானம் முழுக்கத் தெரியும் பெரிய ஜன்னல். மீசை நரைத்திருந்தது. பரிசுச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையால்.

இரெக் ஒடிலியாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"சார், ஆறு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் மாசம், காலையில ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"படுக்கையில. ஏன், நீ பத்திரிகைக்காரனா?"

"இருந்தேன். இப்ப ஒழுக்கமா வாழறேன். ஒரு இடது கைக்காரர் பழைய ஞாபகத்துல குண்டை எடுத்துச் சுத்திட்டு, கதவை மாத்தாமப் போயிட்டார். ஒரு வாத்தியார் செத்தார். பழியை மைதானக்காரன் தலையில கட்டி, கோர்ட்ல சாட்சியும் சொன்னார். கதை எப்படி?"

ஹோல்வா பேனாவை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் ஒடிலியாவை நிமிர வைத்தது.

அவள் பார்வை அவருக்குப் பின்னாலிருந்த சுவருக்குப் போனது. கண்ணாடிச் சட்டத்துக்குள் 88 போட்ட அதே பழைய பனியன். கிளப்பின் சின்னம் இதயத்துக்கு மேலே, இடது மார்பில் தைத்திருந்தது. கீழே நடைக்கூடத்துப் படத்தில் அந்தச் சின்னம் எந்தப் பக்கம் இருந்தது? நினைவுபடுத்திப் பார்த்தாள். வலது மார்பில்.

"போதும் இரெக், உக்காரு," என்றாள். "இவர் வலது பக்கக்காரர்."

"இடது கையால எழுதறாரே!"

"எழுதறது வேற, சுத்தறது வேற. கீழ இருக்கற படத்தைப் பக்கம் மாத்திப் பிரிண்ட் போட்டிருக்காங்க. எண்பத்தெட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் எண்பத்தெட்டுதான், அதனால யாருக்கும் உறைக்கல. பனியன் சின்னம்தான் இடம் மாறிப் போச்சு."

ஹோல்வா முதல் முறையாகச் சிரித்தார். "முப்பது வருஷமாத் தொங்குது. கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான். நான் கத்துக்கிட்ட காலத்துல கதவும் கிடையாது, இடது கைக்குச் சொல்லித்தர ஆளும் கிடையாது. எல்லாரையும் ஒரே பக்கம்தான் சுத்த வச்சாங்க."

"அப்ப ரிஷார்த் மேல ஏன் அப்படிச் சாட்சி சொன்னீங்க?"

"அவன்தான் சொல்லச் சொன்னான். இதோ, நீங்க உக்காந்திருக்கற நாற்காலியில உக்காந்து, ரெண்டு கையையும் மேஜை மேல வச்சுக்கிட்டு அழுதான்." ஹோல்வா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் நல்லவன்னு சொல்லிக்கலம்மா. வழக்கமா எறியற பக்கத்து மைதானத்துல பனி உருகித் தண்ணி நின்னுது. பெரிய மைதானத்துல எறிஞ்சுக்கோங்கன்னு வாய்வார்த்தையா விட்டது நான். எழுத்துல ஒண்ணும் இல்ல. அவன் பழியை ஏத்துக்கிட்டா என் நாற்காலி தப்பிக்கும். தப்பிச்சது. எனக்கும் வசதியாத்தான் இருந்துது."

"யாருக்காக அழுதார்?"

கீழே ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்து எறிய வருபவர், நம்ம ஊர்ப் பெண், கிங்கா கவ்ரோன்!"

கைதட்டல். முக்காலியிலிருந்து வின்சென்டி எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், இடது கதவைத் திறந்தார். வலது கதவை இழுத்து மூடினார். போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒடிலியா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அந்தம்மா நம்மளைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம்," என்றான் இரெக்.

*

கிங்காவுக்கு இரண்டாவது இடம். பதக்கத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, சாமான் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து வலது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. அப்பாவின் தாடை அப்படியே இருந்தது.

ஒடிலியா சுற்றி வளைக்கவில்லை. குழி, கதவு, இடது கை. மூன்றையும் மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

கிங்கா மறுக்கவும் இல்லை.

"அந்த வாரம் தேர்வுப் போட்டி. கோச் இல்லாம எறியக் கூடாது. அப்பாகிட்டக் கெஞ்சினேன். ஆறே முக்காலுக்குத் திறந்து விட்டார். பத்து தடவை எறிஞ்சேன். ஏழரை பஸ்ஸுக்கு ஓடணும். அப்பா அந்தக் கோடியில என் குழியை மூடிக்கிட்டு இருந்தார். நான் ஓடிட்டேன். அவ்வளவுதான். கதவு ஞாபகமே வரல."

"எப்ப ஞாபகம் வந்தது?"

"ரெண்டாவது வகுப்புல. வாத்தியார் செத்துட்டார்னு சொன்னாங்க. அவர்தான் எங்களுக்குப் பூகோளம் எடுப்பார்." கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் போய்ச் சொல்றேன்னுதான் சொன்னேன். அப்பா கேக்கவே இல்ல. அன்னிக்கே பஸ் ஏத்தி அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டார். நீ எறி, வேற எதுவும் பேசாதேன்னார்."

"பேட்டி?"

"அதுவும் அவர் சொல்லித் தந்ததுதான். அப்பதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னார். முதல்ல பொய்யாச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நிஜம் மாதிரியே ஆயிடுச்சு மேடம். அவரைப் பாத்தாலே நிஜமாவே கோவம் வர ஆரம்பிச்சுது. என்னை விட்டுட்டு அவர் மட்டும் நல்லவராயிட்டார்னு தோணும்."

"அடக்கத்துக்கு வந்திருக்கலாமே," என்றான் இரெக். அவன் குரலில் கிண்டல் துளியும் இல்லை.

"வந்து? அம்மா மூஞ்சியை எப்படிப் பாக்கறது?"

"இப்ப பாரு," என்றாள் ஒடிலியா. "வார்சாவா பஸ் நாலு மணிக்கு. அதுக்குள்ள நீயே போய் அம்மாகிட்டச் சொல்லு. நான் சொல்றதைவிட நீ சொன்னா அவங்களுக்கு ஏதாவது மிச்சம் இருக்கும். நீ சொல்லலன்னா நான் சொல்லித்தான் ஆகணும். அவங்கதான் என்னை வேலைக்கு வச்சிருக்காங்க."

கிங்கா தலையாட்டினாள். சொல்வதற்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று தெரியவில்லை.

*

மூன்றரை மணிக்கு அவள் தெற்கு வாசலுக்கு வந்தாள். ஒடிலியாவும் இரெக்கும் பத்தடி தள்ளி, வேலிக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள்.

"வந்தியா? ரெண்டாவதாமே," என்றாள் யாத்விகா.

"ஆமாம்மா. ஒரு டீ கொடு."

யாத்விகா எலுமிச்சைத் துண்டு போட்டு டீ கொடுத்தாள். பிறகு இரண்டு கையையும் பலகை மேல் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள். வரிசையில் நின்றவரிடம், "கொஞ்சம் பொறுங்க" என்றாள். அடுப்பில் சாஸேஜ் கருகியது. திரும்பிப் பார்க்கவில்லை.

கிங்கா டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பாதியில் ஒரு தடவை தலையைத் தூக்கினாள்.

"அம்மா..."

"சொல்லும்மா."

"இடுப்பு வலிக்கு மருந்து போடறியா?"

"போடறேன்."

கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போய் ஃபோன் பண்றேன்." குனிந்து அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். ஒடிலியா நின்ற பக்கம் பார்க்காமலே வாசலைத் தாண்டிப் போனாள்.

"சொல்லலியே," என்றான் இரெக் தாழ்ந்த குரலில்.

ஒடிலியா கடைக்கு நடந்தாள். முப்பது வருடத்தில் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டிக் கெட்ட செய்தி சொன்னவள். இந்தப் பத்தடி அவளுக்கு நீளமாக இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காருங்க."

"வேண்டாம்மா," என்றாள் யாத்விகா. கருகியதை இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டாள். "கேலரி இடுக்கு வழியா இங்கேருந்து கூண்டு நல்லாத் தெரியும். ஆறு வருஷமா அந்தப் பக்கம் பாக்கக்கூடாதுன்னு முதுகைக் காட்டியே நின்னேன். இன்னிக்கு நீங்க படத்தை வச்சுட்டுப் போனீங்க. படத்தைப் பாத்தேன், அதைப் பாத்தேன். பதினோரு பேர் எறிஞ்சாங்க. ஒருத்திக்குத்தான் அந்தப் பெரியவர் எந்திரிச்சுப் போய்க் கதவை இந்தப் படத்துல இருக்கற மாதிரி மாத்தினார்."

ஒடிலியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தெரிந்துகொண்டேதான் டீயை நீட்டியிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் காத்து நின்றிருக்கிறாள்.

"வாய்ல வந்துட்டுது, பாத்தீங்களா? அம்மான்னு சொன்னா. அப்புறம் இடுப்பு வலியைக் கேக்கிறா." யாத்விகா மேல்துணியால் முகத்தைத் துடைத்தாள். கண்ணீரா, புகையா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. "சொல்லியிருந்தா நானே அந்த மனுவைக் கிழிச்சிருப்பேன். சத்தியமாக் கிழிச்சிருப்பேன். அவர் ஆசைப்பட்டபடியே போகட்டும்னு விட்டிருப்பேன்."

"இப்ப என்ன பண்ணட்டும் அக்கா?"

"வக்கீலுக்கு எழுதுங்க."

இரெக் பையிலிருந்து போட்டி நிரல் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினான். பேனாவைத் திறந்தான்.

"எல்லாத்தையும் எழுதுங்க. குழி, கதவு, எல்லாம். எறிஞ்சது யாருன்னும் எழுதுங்க."

"பேரைப் போடணுமா?" என்றாள் ஒடிலியா. "போட்டா அவளோட எறியற வாழ்க்கை முடிஞ்சுடும். அப்புறம் உங்களுக்கு யாரும் இல்ல அக்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆறு வருஷம் அந்த மனுஷன் என் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லல. நானும் 'ஏன்யா மறந்தே'ன்னு குத்திக்கிட்டே இருந்தேன். சாகறதுக்கு முந்தின வாரம்கூடக் கேட்டேன். அவர் 'மறந்துட்டேன் யாத்யா'ன்னார். அதை இனி எங்க போய் மாத்தறது?" அவள் புதிய சாஸேஜ்களை அடுப்பில் வரிசையாக வைத்தாள். "முழுப் பேரு போடுங்க. கிங்கா கவ்ரோன்."

இரெக் எழுதினான்.

"அம்மா, எவ்வளவு நேரம்?" என்றான் வரிசையில் நின்ற ஆள்.

"ஆச்சுப்பா, ஆச்சு," என்றாள் யாத்விகா. "ரொட்டியோடவா, வெறும் சாஸேஜா?"